வெயில் 36தான், கன்று ஏன் இப்படி இரைக்கிறது?

கத்திரி தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கன்றுகளையும் கிடேரிகளையும் பற்றியவை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். கறவை மாட்டுக்கு வெயில் தாங்கவில்லை என்றால் மறுநாள் காலையில் பால் பாத்திரமே காட்டிக்கொடுத்துவிடும், உடனே நாமும் ஓடிப்போய் ஏதாவது செய்வோம். கன்று பட்ட பாடு தெரிய வருவதற்கு ரெண்டு வருஷம் ஆகும்: கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாகும்போதும், முதல் ஈற்றில் பால் குறையும்போதும். அதற்குள் காரணம் மறந்து போயிருக்கும். அதனால் இந்த இதழ் முழுவதும் சின்ன மாடுகளுக்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

டாக்டர் ஐயா, எங்க அக்கா காட்பாடியில் இருக்கிறார். அங்கே 40 டிகிரி என்று டிவியில் சொல்கிற நாளில்கூட அவர் வீட்டுக் கன்றுகள் வேப்பமரத்தடியில் நன்றாகத்தான் படுத்திருக்கின்றன. எங்கள் பக்கம் 35, 36தான் இருக்கிறது, ஆனால் மதியம் ஆனால் என் ரெண்டு கன்றும் வயிறு அடித்துக்கொண்டு நிற்கின்றன. என் பராமரிப்பில் குறையா? – வாசகி, மாதவரம்

உங்கள் பராமரிப்பைப் பிறகு பார்க்கலாம் அம்மா, முதலில் காற்றைப் பார்ப்போம். சுற்றிலும் சூடு ஏறிவிட்டால் மாடும் கன்றும் உடம்புச் சூட்டைத் தணிக்க வேர்வையையும் மூச்சையும்தான் நம்பியிருக்கின்றன, ரெண்டுமே ஈரம் ஆவியாகிப் போனால்தான் பயன்படும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறைந்துபோகும். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரை சொதசொதவென்றே இருக்கிறதே, கன்றின் தோலிலும் மூச்சுக்குழாயிலும் நடப்பது அதேதான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் வெப்ப ஈரப்பதக் குறியீடு, சுருக்கமாக டிஹெச்ஐ. 40 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் இருக்கிற காட்பாடி மதியத்துக்கு இந்த எண் 85 வருகிறது. 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கிற நம் மாதவரத்துக்குப் போட்டால் 89. உங்கள் அக்கா வீட்டுக் கன்றைவிட உங்கள் கன்றுக்குத்தான் கஷ்டம் அதிகம், டிவியில் சொல்கிற எண்ணில் அது தெரியாது, அவ்வளவுதான். கறவை மாட்டுக்கு 72ஐத் தாண்டினாலே சிரமம் தொடங்கும் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் அளவு, நிறையக் கறக்கும் மாட்டுக்கு 68 என்கிறார்கள். கன்று இதைவிடக் கூடுதலாகத் தாங்கும், ஏனென்றால் தீவனம் ஊறிப் புளிக்கிற முதல் வயிறான பெருவயிறு அதற்கு இன்னும் வளரவில்லை, தீவனம் புளித்து உள்ளுக்குள்ளேயே உண்டாகிற சூடு அதற்குக் குறைவு. ஆனால் 89 என்பது எந்தக் கன்றுக்கும் அதிகம்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ராத்திரிதான். வறண்ட ஊரில் ராத்திரி வெப்பம் நன்றாக இறங்கும், பகலில் ஏறிய சூட்டைக் கன்று அப்போது இறக்கிவிடும். மே மாதத்தில் சென்னையில் 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 29 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நள்ளிரவுக்கு அதே கணக்கைப் போட்டால் 82 வருகிறது. அதாவது கன்றுக்கு ஓய்வே இல்லை. அதனால் சாயங்காலம் ஆனதும் கொசுவுக்குப் பயந்து கொட்டகையை நாலு பக்கமும் சாக்கு கட்டி மூடிவிடாதீர்கள். கொசுவலையை விரித்துக் கட்டுங்கள், காற்றை மட்டும் தடுக்காதீர்கள்.

காலையில் மேற்கே இருந்து சூடான தரைக்காற்று வீசும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். அது தாமதமாக வருகிற நாள்தான் சென்னையில் கொடுமையான நாள். கிழக்கும் தென்கிழக்கும் திறந்திருக்கிற கொட்டகைக்கு அந்தக் காற்று தானாகவே வந்துசேரும். உங்கள் கொட்டகையில் அந்தப் பக்கம் சுவர் இருந்தால், மேலே பாதியையாவது இடித்துவிடுங்கள். ஃபேன் வாங்கும் யோசனை அதற்கு அப்புறம்.

சார், பேங்க் லோன் போட்டு ஆறு கன்றுக்குத் தனிக் கொட்டகை கட்டினேன், மேலே சிமென்ட் ஷீட். யூடியூப் பார்த்து ஃபாகர் போட்டேன். பனி மாதிரி தண்ணீர் தூவுகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரமாக மூன்று கன்று இருமுகின்றன, மூக்கில் சளி. – வாசகர், செங்குன்றம்

தம்பி, இன்றைக்கே அந்த ஃபாகரை நிறுத்துங்கள். அது தப்பான கருவி இல்லை, தப்பான ஊருக்கு வந்திருக்கிறது. பனித்துளி காற்றிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை, வறண்ட காற்றில் அது நன்றாக நடக்கும். ஏற்கெனவே 70, 75 சதவீதம் ஈரம் இருக்கிற காற்றில் அது ஆவியாகாமல் அப்படியே மிதந்து, கன்றின் முடிமேல் ஒரு படலமாக உட்கார்ந்துகொள்கிறது, தோலைப் போய்ச் சேர்வதுமில்லை. ஈரச் சாக்குத் திரை கட்டுவதும் இதே கதைதான், மதுரையில் உதவும், செங்குன்றத்தில் உதவாது.

இருமலுக்குக் காரணம் தரையில் இருக்கிறது. ஈரத் தரையில் கோமியமும் சாணமும் ஊறி அம்மோனியா கிளம்புகிறது. நின்றுகொண்டிருக்கிற உங்கள் மூக்குக்கு அது லேசாகத்தான் தெரியும், கன்றோ பகலில் பாதி நேரம் படுத்தே கிடக்கும், அதன் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். ஒரு தடவை கொட்டகைக்குள் போய்க் கன்றுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் அதன் நுரையீரலும் எரிகிறது என்றுதான் அர்த்தம். சளி வந்த மூன்றையும் பிரித்துக் கட்டி, காய்ச்சல் பார்த்து, இன்றே டாக்டரை வரவழையுங்கள். கன்றுக்கு நுரையீரல் ஒருமுறை கெட்டுப்போனால் முழுசாகச் சரியாவது கஷ்டம், பின்னால் அது கறவை மாடானபோதும் தெரியும்.

அப்புறம் கூரை. சிமென்ட் ஷீட்டின் அடிப்பக்கத்தை மதியம் 2 மணிக்குத் தொட்டுப் பாருங்கள். காற்று 36 டிகிரி என்றாலும் அந்த ஷீட் அதைவிட எவ்வளவோ அதிகச் சூட்டில் இருக்கும், அது நேராகக் கன்றின் முதுகில் இறங்குகிறது. ஷீட்டின் மேல் சுண்ணாம்போ வெள்ளைப் பெயின்டோ அடியுங்கள், அதற்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டினால் இன்னும் நல்லது. கீற்றில் தீப்பிடிக்கும் பயம் இருந்தால், ஷீட்டுக்கு அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியைத் தொங்கவிடலாம். நீங்கள் ஃபாகருக்குச் செலவு செய்ததில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

தண்ணீர் ஊற்றவே கூடாதா என்று கேட்பீர்கள். ஊற்றலாம், ஆனால் முறை வேறு. ரெண்டு மாதத்துக்கு மேலான கன்றுகளையும் கிடேரிகளையும், பெரிய துளியாகத் தண்ணீர் விழுகிற ஹோஸ் பைப்பால் தோல் வரை நன்றாக நனைத்து, உடனே ஃபேன் காற்றில் நிறுத்தி உலரவிட வேண்டும். உலர்ந்த பிறகுதான் அடுத்த நனைப்பு. சூட்டை எடுத்துக்கொண்டு போவது காற்று, தண்ணீர் அதற்குத் துணை. காற்றில்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் கொட்டகை ஆவி பிடிக்கிற அறையாகிவிடும். நனைக்கிற இடமும் படுக்கிற இடமும் வேறு வேறாக இருக்கட்டும். ஃபேனைக் கன்றுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், ஈரத் தரையில் இதில் அலட்சியம் ஆகாது. படுக்கைக்கு வெயில் காலத்தில் வைக்கோலைவிட ஆற்று மணலோ எம்-சாண்டோ நல்லது, சூடு பிடித்து வைக்காது, ஈரமும் கீழே இறங்கிவிடும்.

ஐயா, திருவல்லிக்கேணியில் வீட்டை ஒட்டி ஒரு பசுவும் ஒரு மாதக் கன்றும் வைத்திருக்கிறோம். கன்றுக்குத் தண்ணீர் காட்டினால் கழிச்சல் வரும், மூன்று மாதம் வரை பால் மட்டும் போதும் என்கிறார் என் மாமியார். போன வாரம் எனக்கே மனசு கேட்காமல் ஒரு வாளி வைத்தேன், முழுக்கக் குடித்துவிட்டது. அன்று சாயங்காலம் மூத்திரம் சிவப்பாகப் போனது. அத்தை சொன்னது சரிதானா? – வாசகி, திருவல்லிக்கேணி

இல்லை அம்மா. தண்ணீர் கொடுத்ததில் தப்பில்லை, அதுவரை கொடுக்காமல் இருந்ததுதான் தப்பாகிவிட்டது. வெகுநாள் தாகத்தோடு இருந்த கன்று ஒரேயடியாக நிறையக் குடித்தால், தண்ணீர் வேகமாக ரத்தத்தில் சேர்ந்து சிவப்பணுக்கள் உடையும், அந்த நிறம்தான் மூத்திரத்தில் வந்தது. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் கன்று தள்ளாடினாலோ மறுநாளும் சிவப்பாகவே போனாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள், ஏனென்றால் உண்ணிக் காய்ச்சலிலும் மூத்திரம் சிவக்கும். இனி முதல் ரெண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுத்துப் பழக்குங்கள், அப்புறம் எப்போதும் முன்னால் தண்ணீர் இருக்கட்டும். எப்போதும் கிடைக்கிற கன்று அளவோடுதான் குடிக்கும்.

பால் கொடுக்கிறோமே, அதுவும் தண்ணீர்தானே என்று நினைக்கத் தோன்றும். பால் குடிக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு வாய்க்கால் மாதிரி மடிப்பு உருவாகி, பால் நேராக நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். தண்ணீர் பெருவயிற்றுக்குப் போகும். அங்கே தண்ணீர் இருந்தால்தான் கன்று கொறிக்கிற அடர்தீவனம் புளித்து, பெருவயிறு வளரும். தண்ணீர் இல்லாத கன்று தீவனத்தையும் தொடாது, அதனால் வளர்ச்சியும் நிற்கும். பிறந்த மூன்றாம் நாளிலிருந்தே சுத்தமான தண்ணீர் வைக்கலாம். ஒரு மாதக் கன்று பால் போக ரெண்டு மூன்று லிட்டர் வரை குடிக்கும், இந்த வெயிலில் இன்னும் கூடும்.

மாமியார் பயந்ததற்கும் காரணம் உண்டு, அழுக்கு வாளியில் நாலு நாள் தண்ணீரை வைத்தால் கழிச்சல் வரத்தான் செய்யும். வாளியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். மொட்டை மாடிக் கறுப்பு டேங்க் தண்ணீர் மதியம் கொதித்துக் கிடக்கும், அதைக் கன்று குடிக்காது, காலையிலேயே பிடித்து நிழலில் வையுங்கள். உங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கன்றுக்கு அது வேண்டாம், மெட்ரோ தண்ணீரைக் கொடுங்கள்.

பால் எவ்வளவு விடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஒரு காம்பு மட்டும் விடுகிற வீடுகள் நிறைய. இரைக்கிற கன்றுக்கு அந்த இரைப்புக்கே சக்தி செலவாகிறது, தீவனமும் குறைவாகத்தான் எடுக்கும், அப்போது பாலையும் குறைத்தால் அது எதை வைத்து வளரும்? உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு பாலாவது உள்ளே போக வேண்டும், 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். பால் விற்கிற விலை தெரிந்துதான் சொல்கிறேன். விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுங்கள், வெயில் உச்சியில் வேண்டாம். கழிச்சல் வந்தாலும் பாலை நிறுத்தக் கூடாது. பாலுக்கும் பாலுக்கும் நடுவே, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தலை தட்டிய டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொடுங்கள், பாலோடு மட்டும் கலக்காதீர்கள். கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டால் ரெண்டு விநாடிக்கு மேல் அப்படியே நின்றாலோ, கண் குழி விழுந்தாலோ, கன்று வாய் வைத்துக் குடிக்கவில்லை என்றாலோ வீட்டு வைத்தியம் போதாது, நரம்பு வழியாக டிரிப் ஏற்ற வேண்டும்.

இது வெயிலா, காய்ச்சலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போன மாதம் காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுத்தோம், இறங்கவே இல்லை. – வாசகர், பூந்தமல்லி

வெயிலால் ஏறிய சூடு பாரசிட்டமாலுக்கு இறங்காது. காய்ச்சலில் உடம்பே தன் அளவை ஏற்றி வைத்துக்கொள்கிறது, மருந்து அதைத்தான் இறக்கும். வெயில் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே தங்கியது, அதற்குக் காற்றும் தண்ணீரும் நிழலும்தான் மருந்து.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கன்றுக்கு ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101.5இலிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு, கொளுத்துகிற மதியத்தில் 103ஐத் தொடலாம். 104 காட்டினால் நிழலில் கட்டி, நனைத்து, காற்று படவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாள் விடிகாலையிலும் பாருங்கள். வெயில் சூடாக இருந்தால் இறங்கியிருக்கும். விடியற்காலை 5 மணிக்கும் 104 என்றால் அது காய்ச்சல்தான். அப்போது உடம்பு முழுக்க உண்ணி இருக்கிறதா, தோள் முன்னால் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துச் சொன்னால் டாக்டருக்கு உதவும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் மூச்சை எண்ணலாம். கன்று அமைதியாக இருக்கும்போது விலாப்புறம் ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். 40க்குள் இருந்தால் கவலையில்லை, 60ஐத் தாண்டினால் கன்று கஷ்டப்படுகிறது, 100ஐ ஒட்டி வாயைத் திறந்து நாக்கை நீட்டி எச்சில் ஒழுக இரைத்தால் அது அவசரம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தலை, கழுத்து, முதுகு, கால் என்று குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றி, ஃபேன் போட்டு, ஒரு ஆளை 1962க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், அது கால்நடை ஆம்புலன்ஸ் எண். வண்டி வசதி இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம், 1903இலிருந்து இருக்கிற கல்லூரி அது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்து, 103க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள். இரைத்துக்கொண்டிருக்கிற கன்றின் வாயைத் திறந்து எதையும் ஊற்றாதீர்கள். மோரோ, குளுக்கோஸோ, எதுவாக இருந்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும், அதில் செத்த கன்றுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எட்டு மாதச் சினைப்பசு, பால் வற்றவிட்டாச்சு. கொட்டகையில் இடமில்லாததால் கறவை மாடுகளை உள்ளே விட்டு இதை வெளியே கட்டுகிறோம். கறக்காத மாடுதானே, பரவாயில்லையா? – வாசகர், படப்பை

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் ஐயா, இந்த மாதக் கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான். வயிற்றில் இருக்கிற கன்று தன் எடையில் பாதிக்கு மேல் சேர்ப்பது இந்தக் கடைசி ரெண்டு மாதத்தில்தான். தாய் சூட்டில் தவித்தால் கருப்பைக்குப் போகிற ரத்தம் குறையும், கன்று சில நாள் முன்னாலேயே, எடை குறைவாகப் பிறக்கும். பிறந்த பிறகு நல்ல சீம்பால் கொடுத்தாலும், அதிலிருக்கிற நோய் எதிர்ப்புச் சத்தை அதன் குடல் குறைவாகத்தான் உறிஞ்சும்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இதை வருஷக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவும் நம்மைப் போலவே வெக்கையும் புழுக்கமுமான ஊர். சினையின் கடைசி ஆறு வாரம் சில மாடுகளுக்கு நிழலோடு ஃபேனும் தண்ணீரும், சிலவற்றுக்கு வெறும் நிழல் மட்டும். அவற்றுக்குப் பிறந்த கிடேரிக் கன்றுகளை வளர்த்துக் கறந்து பார்த்தபோது, வயிற்றில் சூட்டுக்கு ஆளானவை முதல் ஈற்றில் ஒரு நாளைக்குச் சுமார் 5 கிலோ பால் குறைவாகக் கொடுத்தன. பிறந்த பிறகு ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் வளர்ந்தன என்பதைக் கவனியுங்கள். அவை நிறையக் கறக்கிற ஹோல்ஸ்டீன் மாடுகள், நம் ஜெர்சி கலப்பினத்துக்கு அதே 5 கிலோ கணக்கு பொருந்தாது. ஆனால் உடம்பு வேலை செய்கிற விதம் ஒன்றுதான். அங்கே நிழலில் நின்ற மாட்டுக்கே அப்படி, உங்கள் மாடு வெயிலில் நிற்கிறது.

ஒரு பச்சை நிழல்வலையைத் தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் இன்றைக்கே கட்டுங்கள், கூடவே ஒரு தண்ணீர்த் தொட்டி. முடிந்தால் உள்ளே ஒரு கறவையை இடம் மாற்றிவிட்டு இதை ஃபேனுக்கு அடியில் கட்டுங்கள். கன்று விழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போகட்டும், நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மாதிரிக் கன்றுக்கு சீம்பாலில் கொஞ்சமும் தாமதம் கூடாது.

கிடேரிக்கு 20 மாதம். இன்னும் பருவத்துக்கு வரவில்லை. வெயில்தான் காரணம் என்கிறார்கள். – வாசகி, மீஞ்சூர்

வெயில் ஒரு காரணம், முதல் காரணம் பெரும்பாலும் எடை. கிடேரி பருவத்துக்கு வருவது வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. வளர்ந்த மாட்டின் எடையில் 55, 60 சதவீதம் வந்தால்தான் சினை ஊசி போடவே வேண்டும். போன கோடையிலும் அது சரியாகத் தின்னாமல் வளர்ச்சி நின்றிருந்தால் அதன் பலன் இப்போது தெரிகிறது. குடற்புழு மருந்து, தாது உப்புக் கலவை, பசுந்தீவனம் இந்த மூன்றும் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்படிப்பட்டவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சினைப்பிடிக்காது.

இன்னொன்று, அது பருவத்துக்கு வந்தும் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். வெக்கையில் பருவ அறிகுறிகள் மங்கலாகும், நேரமும் சுருங்கும், கத்தாது, தாவாது, அதுவும் பாதி ராத்திரிக்கு மேல்தான் காட்டும். ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை, விடிகாலை 5 மணிக்கு ஒரு தடவை போய்ப் பின்பக்கம் கண்ணாடி மாதிரி சளி ஒழுகியிருக்கிறதா, வாலில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் அன்று சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. ஊசி போட்ட நாளிலிருந்து ஒரு வாரம் அந்தக் கிடேரிக்குத்தான் கொட்டகையிலேயே குளிர்ச்சியான இடம், கரு சூட்டில் எளிதாகக் கலைகிற நாட்கள் அவை.

உங்கள் ஊரில் கடல்நீர் நிலத்தடியில் ஏறிக் கிணறுகள் உப்பாகிப்போனது தெரிந்த விஷயம். கிடேரி குடிக்கிற தண்ணீரையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், உப்புத் தண்ணீரை அது அரைகுறையாகத்தான் குடிக்கும், தீவனமும் அதோடு குறையும்.

எருமைக் கன்றுக்கும் இதெல்லாம் பொருந்துமா? – வாசகர், ஆவடி

பொருந்தும், இன்னும் கூடுதலாக. கறுப்புத் தோல் வெயிலை அதிகம் இழுக்கும், வேர்வைச் சுரப்பிகள் மாட்டைவிட மிகவும் குறைவு, மேலே மூடுகிற முடியும் கொஞ்சம்தான். அதனால்தான் எருமை குட்டையைத் தேடிப் போகிறது. நேர் வெயிலில் கட்டவே கட்டாதீர்கள், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை குளிப்பாட்டி நிழலில் உலரவிடுங்கள். பிறந்து 10, 15 நாளுக்குள் முதல் குடற்புழு மருந்தைத் தவறவிடாதீர்கள், எருமைக் கன்றுகள் சாவதற்கு வெயிலோடு இந்தப் புழுவும் பெரிய காரணம்.

கலப்பினத்தை விற்றுவிட்டு கிர், சாஹிவால் என்று நாட்டு மாடுகளுக்கு மாறிவிடலாமா? அதற்கு வெயில் ஒன்றும் செய்யாதாமே. – வாசகர், திருநின்றவூர்

ஒன்றும் செய்யாது என்பது மிகை. அவற்றுக்கு வேர்வைச் சுரப்பி அதிகம், முடி குட்டை, தளர்ந்த தோல், உடம்புக்குள் உண்டாகிற சூடும் குறைவு, அதனால் கூடுதலாகத் தாங்கும். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி கலப்பினம், மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பினம் என்று பரிந்துரைப்பதும் இந்த வெயிலை மனதில் வைத்துத்தான். உங்களிடம் இருப்பது எந்தக் கலப்பு என்று முதலில் பாருங்கள். ஹோல்ஸ்டீன் ரத்தம் மிக அதிகமாக இருந்தால் அடுத்த சினை ஊசிக்கு ஜெர்சி கலப்பையோ சாஹிவாலையோ கேட்டு வாங்கலாம், அடுத்த தலைமுறைக் கன்றிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் இப்போதுள்ள கொட்டகையில் ஷீட் தாழ்வு, மேற்குச் சுவர் மட்டும் திறந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூரைக்கு அடியில் கிர் கன்றைக் கட்டினாலும் இரைக்கத்தான் செய்யும். முதலில் கூரையை உயர்த்துங்கள்.

அடர்தீவன மூட்டை வாங்கி மூன்று வாரத்தில் கட்டி கட்டியாகப் பச்சை பூத்துவிடுகிறது. வெயிலில் காயவைத்துக் கன்றுக்குப் போடலாமா? – வாசகி, பெரம்பூர்

போடாதீர்கள் அம்மா. வெயிலில் காய்ந்தால் பூஞ்சைதான் சாகும், அது விட்டுப்போன நஞ்சு போகாது. கடலைப் புண்ணாக்கு சேர்ந்த தீவனத்தில் இது அதிகம், கன்றுகளின் ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். தின்கிறது, ஆனால் தேறவில்லை என்று சொல்கிற கன்றுகளில் எத்தனையோ இந்தக் கணக்கில் வரும். சென்னைப் புழுக்கத்தில் பத்து, பதினைந்து நாளுக்கு மேல் தீவனம் வாங்கி வைக்காதீர்கள். மூட்டையைத் தரையில் போடாமல், சுவரிலும் சாய்க்காமல் பலகைமேல் வைத்து, ஈரக் கையால் அள்ளாதீர்கள். தொட்டியில் மிச்சமானதை அன்றன்றே எடுத்துவிடுங்கள். பூத்த மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், கோழிக்குப் போடலாம் என்று எடுத்து வைக்க வேண்டாம்.

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் ஆறு மாதக் கிடேரிகள் நாலு பார்த்து வைத்திருக்கிறோம். இந்த மாதமே லாரியில் கொண்டுவரலாமா? – வாசகர், தாம்பரம்

அவசரம் இல்லை என்றால் ஜூலை வரை பொறுங்கள். பொறுக்க முடியாது என்றால் பொழுது சாய்ந்த பிறகு ஏற்றி விடிவதற்குள் இறக்குகிற மாதிரி கிளம்புங்கள். சுமார் 400 கிலோமீட்டர், ராத்திரியிலேயே வந்துவிடலாம். வண்டி நிற்கும்போதுதான் உள்ளே சூடு ஏறும், அதனால் டிரைவரிடம் டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தார்ப்பாயை மேலே மட்டும் கட்டுங்கள், பக்கங்களைத் திறந்துவிடுங்கள், அடியில் மணல் பரப்புங்கள். ஏற்றும் முன் நன்றாகத் தண்ணீர் காட்டுங்கள், வழியில் ஒரு தடவை, இறங்கியதும் உப்பு சர்க்கரைத் தண்ணீர். அன்றைக்கு அடர்தீவனம் வேண்டாம், பசும்புல்லும் வைக்கோலும் போதும். மூன்று வாரம் உங்கள் மாடுகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். கோமாரித் தடுப்பூசி போட்டதா என்று விற்பவரிடம் கேட்டு, போடவில்லை என்றால் பயணக் களைப்பு தீர்ந்த பிறகு உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.